40 பிள்ளைப் பள்ளியும் 900 பிள்ளைப் பள்ளியும் ஒரே கோட்டிலா?

பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி என்று பேச்சை எடுத்தாலே நம் தோட்டத்துப் பெற்றோர் பலருக்கு ஒரு சலிப்புத் தட்டிவிடுகிறது. "போனாங்க, ஓடினாங்க, வந்தாங்க. அதைப் போய் என்னத்தைப் பேசறது?" என்று கேட்கிறார்கள். கோலா பிலா வட்டாரத்தில் பிரட்டுக் களம் தொடங்கி செம்பனைக் காட்டு முனை வரைக்கும் நாம் கேட்ட பதில் இதுதான். பிள்ளைகளையே குறை சொல்வாரும் உண்டு. "டவுன் பிள்ளைங்க முட்டை, பால்னு சாப்பிடுது. நம்ம பிள்ளைங்களுக்குத் தெம்பு ஏது?" என்று தங்களைத் தாங்களே நொந்துகொள்வாரும் உண்டு.

தெம்பு இல்லை என்ற பேச்சை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். லயத்திலிருந்து பள்ளிக்கு வாய்க்காலைத் தாண்டிக் குதித்து ஓடுகிற பிள்ளைக்குத் தெம்பில்லை என்று யார் சொன்னது? சாயங்காலம் தோட்டத்துத் திடலில் வெறுங்காலோடு பந்து உதைக்கிற பையனைப் போய்ப் பாருங்கள். இருட்டினால்தான் வீட்டுக்கு வருவான், அதுவும் அம்மா நாலு தரம் கூப்பிட்ட பிறகு. சங்கதி தெம்பில் இல்லை, கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம்.

ஏழு பேரில் ஏழு பேர்

ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் 40 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். முதலாம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டு வரைக்கும் சேர்த்து 40. பாதிப் பேர் பெண் பிள்ளைகள் என்றால் பையன்கள் 20. அதில் மாவட்டப் போட்டிக்கு அனுப்பக்கூடிய 11, 12 வயதுப் பையன்கள் ஆறு பேர் அல்லது ஏழு பேர்.

பட்டணத்தில் ஒரு பள்ளி. அங்கே 900 பிள்ளைகள். அதே கணக்குப்படி அதே வயதில் அங்கே 150 பையன்கள். அந்தப் பள்ளி ஆசிரியர் 150 பேரில் 11 பேரைப் பொறுக்கி எடுத்துப் பந்துக் குழு அமைக்கிறார். நம் ஆசிரியர் ஏழு பேரில் ஏழு பேரையும் எடுத்துக்கொண்டு, மீதி இடத்துக்கு நாலாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டுச் சிறுசுகளைக் கூப்பிட்டுக் காலணி மாட்டிவிடுகிறார். ஒரு பையனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டால் அந்த வருஷம் குழுவே கிடையாது. இரண்டு குழுவும் ஒரே கோட்டில் நின்று ஊதல் சத்தத்துக்குக் காத்திருக்கின்றன. இதற்குப் பெயர் போட்டியாம்!

நம் பையன்கள் பத்துக் கோல் வாங்கி வருகிறார்கள், பன்னிரண்டு கோல் வாங்கி வருகிறார்கள். திரும்பி வருகிற வேனில் ஒருவன் கூடப் பேச மாட்டான். மறு வருஷம் "போறியாடா?" என்று கேட்டால் "வயித்து வலி சார்" என்கிறான். பிள்ளை பொய் சொல்கிறான் என்று திட்டுகிறோம். அவன் சொல்கிற பொய்யில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்று யாராவது யோசித்தோமா?

பெண் பிள்ளைகள் கதை இதைவிட மோசம். வலைப்பந்துக்கு ஏழு பேர் வேண்டும். 30 பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் 11, 12 வயதுப் பெண் பிள்ளைகள் ஐந்து பேர் தேறினால் அதிகம். ஆகவே குழு இல்லை. குழு இல்லாததால் பயிற்சி இல்லை, பந்து இல்லை, கம்பமும் இல்லை. சங்க வேலையாக ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தபோது ஓர் அம்மா நம்மிடம் சொன்னார்: "என் பொண்ணுக்குக் கை நல்லா வரும் தலைவரே, எறிஞ்சா விழாது. ஆனா ஏழு பேர் வேணுமாமே, மிச்சப் பேருக்கு நான் எங்க போறது?" அந்த அம்மாவுக்குச் சொல்ல நம்மிடம் அன்று பதில் இல்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

தனி ஆள் போட்டி என்றால் நிலைமை வேறு. 100 மீட்டர் ஓட்டத்துக்கு ஓர் ஆள் போதும். நல்ல ஓட்டக்காரன் எந்த லயத்திலும் பிறக்கலாம். 1998-இல் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டில் ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் நடைப் போட்டியில் தங்கம் வாங்கினாரே, அந்த ஐம்பது கிலோமீட்டரையும் அவர் ஒற்றை ஆளாகத்தான் நடந்தார். சின்னப் பள்ளிகளுக்கு அவ்வப்போது கிடைக்கிற பதக்கமும் இப்படித் தனி ஆள் போட்டிகளில்தான் வருகிறது. அடி விழுவது அஞ்சல் ஓட்டத்தில், பந்தில், வலைப்பந்தில், ஹாக்கியில். எல்லாவற்றுக்கும் மேலாக அந்தச் சுழற்கேடயத்தில். எல்லாப் போட்டியின் புள்ளிகளையும் கூட்டி, அதிகப் புள்ளி எடுத்த பள்ளிக்குக் கேடயம் என்கிறார்கள். 900 பிள்ளை பள்ளி 60 பேரை இறக்குகிறது, 40 பிள்ளை பள்ளி எட்டுப் பேரை இறக்குகிறது. கூட்டிக் கழித்துப் பார்க்க வாத்தியாரா வேண்டும்?

வயதைப் பார்த்தவர்கள் ஆளை எண்ணவில்லை

பள்ளிகளின் விளையாட்டு மன்றம் 1958-இல் தோன்றியது. இன்று எம்.எஸ்.எஸ்.எம். என்று நாம் சொல்கிற மன்றம் அதுதான். மாவட்டத்தில் ஜெயித்தவர் மாநிலத்துக்கு, மாநிலத்தில் ஜெயித்தவர் தேசிய நிலைக்கு என்று ஏணி போல ஏற்பாடு. நல்ல ஏற்பாடு, அதைக் குறை சொல்ல வரவில்லை. போட்டியாளர்களை வயதை வைத்துப் பிரிக்கிறார்கள். 12 வயதுப் பிள்ளையை 18 வயது வாலிபனோடு ஓடவிட்டால் அது அநியாயம் என்று அவர்களுக்குத் தெரிகிறது. ஆணையும் பெண்ணையும் பிரிக்கிறார்கள், அதுவும் நியாயம். குத்துச் சண்டையிலும் பளு தூக்குவதிலும் உடம்பு எடையைப் பார்த்துத்தான் ஆளை நிறுத்துகிறார்கள்.

பள்ளியின் எடையை மட்டும் யாரும் நிறுப்பதில்லை.

நம் தொழிலில் நாம் இதை ஒப்புக்கொள்வோமா? புதுக் காட்டையும், பால் வற்றிய கிழட்டு மரக் காட்டையும் ஒரே அளவில் வைத்து, "ரெண்டு பேரும் இத்தனை கிலோ கொண்டு வா" என்று கிராணி சொன்னால், மண்டோர் சும்மா இருந்தாலும் நம் பெண்கள் சும்மா இருப்பார்களா? வாளியைக் கீழே வைத்துவிட்டு ஆபீஸ் வாசலுக்கு வந்துவிடுவார்கள். அதே நியாயம்தான் இங்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நம் பள்ளிகள் பிறந்ததே தலைக்கணக்கில்தான். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தில், ஒரு தோட்டத்தில் 7 வயதிலிருந்து 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட முதலாளி பள்ளி வைத்துக் கொடுக்க வேண்டும் என்று எழுதினார்கள். நெகிரி செம்பிலான் அப்போது கூட்டு மலாய் மாநிலங்களில் ஒன்று. ஆகவே அந்தச் சட்டம் இங்கும் செல்லும். தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார், கரும்பலகை ஒன்று. வாத்தியார் சில இடங்களில் கங்காணி, சில இடங்களில் கிராணி. பள்ளி சின்னதாக இருந்தது பிள்ளைகள் குற்றமில்லை, வாத்தியார் குற்றமுமில்லை. தோட்டங்கள் தனித்தனித் தீவாக இருந்தன, அதனால் பள்ளிகளும் அப்படியே இருந்தன.

1957-இல் இந்த நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530-க்கும் குறைவு. தோட்டங்களைத் துண்டு போட்டார்கள், கித்தா மரம் போய்ச் செம்பனை வந்தது, நம் சனம் பட்டணம் போனது, காட்டு வேலைக்கு வெளிநாட்டார் வந்தார்கள். கட்டடம் நிற்கிறது, பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். 150-க்கும் குறைவான பிள்ளைகள் படித்தால் கல்வி அமைச்சு அதற்கு "குறைந்த மாணவர் பள்ளி" என்று பெயர் வைத்திருக்கிறது. தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கும் மேற்பட்டவை இந்தப் பட்டியலில்தான். மிகவும் சிறிய பள்ளிகளில் இரண்டு வகுப்பை ஒன்றாக வைத்துப் பாடம் நடத்துகிறார்கள்.

ஆகவே அரசாங்கத்துக்குத் தலையை எண்ணத் தெரியாது என்று சொல்ல முடியாது. பள்ளி மானியம் கொடுக்கத் தலையை எண்ணுகிறார்கள். ஆசிரியர் எத்தனை பேர் என்று முடிவு செய்யத் தலையை எண்ணுகிறார்கள். பள்ளியை இடம் மாற்றலாமா, இன்னொன்றோடு சேர்க்கலாமா என்று பேச வரும்போதும் முதலில் எண்ணுவது தலையைத்தான். திடலில் இறங்கும்போது மட்டும் "எல்லாப் பள்ளியும் சமம்" என்கிறார்கள். 2011-இல் "ஒரு மாணவர் ஒரு விளையாட்டு" என்ற கொள்கையை அமல்படுத்தினார்கள். வரவேற்கிறோம். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு விளையாட்டு என்றால், அந்த மாணவர் ஜெயிக்க ஒரு வழியும் இருக்க வேண்டாமா?

சின்னப் பள்ளி ஊனமான பள்ளியா?

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை நம் பெற்றோர்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். "சின்னப் பள்ளியில போட்டா பிள்ளைக்கு விளையாட்டு இல்ல, பெரிய பள்ளியில போட்டாத்தான் எல்லாம் கிடைக்கும்" என்று சொல்லிப் பிள்ளையை மாற்றுகிறவர்கள் நம்மிடையே பெருகிவருகிறார்கள்.

அமெரிக்காவில் ரோஜர் பார்க்கர், பால் கம்ப் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கான்சஸ் மாநிலத்து உயர்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்து 1964-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். "பெரிய பள்ளி, சின்னப் பள்ளி" என்பது அதன் பெயர். அவர்கள் கண்டது என்ன? பெரிய பள்ளியில் நடவடிக்கைகளின் வகை அதிகம். ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் உட்கார்ந்து பார்க்கிறவர்கள். சின்னப் பள்ளியில் வகை குறைவு. ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் ஏதாவது ஒரு பொறுப்பை ஏற்று இறங்கி வேலை செய்கிறது. ஏனென்றால் அந்தப் பிள்ளை இறங்காவிட்டால் அந்தக் காரியம் நடக்காது.

புத்தகம் படிக்காமலே இது நமக்குத் தெரியும். ஏழு பேரில் ஏழு பேரும் ஆட வேண்டும் என்றால், குண்டுப் பையனும் ஆடுவான், கூச்சப்படுகிறவனும் ஆடுவான், கண்ணாடி போட்டவனும் கோல் காப்பான். 900 பிள்ளை பள்ளியில் அந்த மூவரும் வேலி ஓரம் நின்று கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். ஆகவே சின்னப் பள்ளிதான் பிள்ளையை ஆட வைக்கிறது. போட்டி முறைதான் அந்தப் பிள்ளையைத் தோற்க வைக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு பள்ளியின் மேல் பழி போடுவது நியாயமாகாது.

161 பிள்ளைகள் படித்த பள்ளியின் கதை

பள்ளியின் அளவைப் பார்த்துப் போட்டியைப் பிரிக்கலாம் என்பது நாம் புதிதாகக் கண்டுபிடித்த யோசனை இல்லை. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் உயர்நிலைப் பள்ளி விளையாட்டு இப்படித்தான் நடக்கிறது. டெக்சஸ் மாநிலத்தில் ஆறு வகுப்புகள் வைத்திருக்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பிள்ளைகளை எண்ணி, எந்தப் பள்ளி எந்த வகுப்பு என்று மறுபடியும் பிரிக்கிறார்கள். 2,000 பிள்ளைகளுக்கு மேல் உள்ள பள்ளிகள் தங்களுக்குள் மோதிக்கொள்ளும். ஏறக்குறைய 105 பிள்ளைகளும் அதற்குக் குறைவாகவும் உள்ள பள்ளிகளுக்கு அவர்கள் ஊர்ப் பந்தாட்டத்திலேயே தனி முறை. வழக்கமாக 11 பேர் ஆடுகிற ஆட்டத்தை அங்கே ஆறு பேர் ஆடுகிறார்கள்.

அந்த ஆறு பேர் ஆட்டம் பிறந்த கதையும் கேட்கத் தக்கது. 1934-ஆம் வருஷம், உலகம் முழுக்கப் பொருளாதார மந்தம். நம் தோட்டங்களில் ஆள் குறைத்துக் கப்பலேற்றிய அதே காலம். நெப்ராஸ்கா மாநிலத்துக் கிராமப் பள்ளிகளில் பதினொரு பேர் சேரவில்லை, உடுப்பு வாங்கக் காசுமில்லை. ஸ்டீபன் எப்ளர் என்ற ஆசிரியர், "ஆள் இல்லை என்று ஆட்டத்தை விடுவதா? ஆட்டத்தைச் சின்னதாக்குவோம்" என்று ஆறு பேர் ஆடும் விதியை எழுதினார். அது இன்றும் நடக்கிறது. நம் வலைப்பந்து அம்மாவுக்கு இதுதான் பதில். ஏழு பேர் இல்லையென்றால் ஐந்து பேர் ஆடும் ஒரு பிரிவு வையுங்கள். வானம் இடிந்து விழாது.

பிரிக்காத ஊரும் இருந்தது. இந்தியானா என்ற மாநிலத்தில் கூடைப்பந்து என்றால் திருவிழா. அங்கே 1997 வரைக்கும் எல்லாப் பள்ளிக்கும் ஒரே போட்டி, ஒரே கோப்பை. 1954-இல் மிலான் என்ற சிற்றூர்ப் பள்ளி, மொத்தம் 161 பிள்ளைகள், இறுதி ஆட்டத்தில் மன்சி சென்ட்ரல் என்ற பெரிய பள்ளியை எதிர்த்து நின்றது. மன்சி சென்ட்ரல் அதைப் போல் பல மடங்கு பெரியது. கடைசி நொடிகளில் பாபி பிளம்ப் என்ற பையன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்து, சரியான நேரத்தில் எறிந்தான். 32-க்கு 30. மிலான் ஜெயித்தது. ஊரே சாலையில் இறங்கிவிட்டது. 1986-இல் இந்தக் கதையைத் தழுவிச் சினிமாவும் எடுத்தார்கள்.

பிரிக்கக் கூடாது என்பவர்களுக்கு இந்த மிலான் கதைதான் ஆயுதம். "சின்னப் பள்ளியும் ஜெயிக்கலாமே, பார்த்தீர்களா!" என்பார்கள். நாம் திருப்பிக் கேட்பது இது: அந்த ஒரே கோப்பைப் போட்டி 1911-இல் தொடங்கி எண்பது வருஷத்துக்கு மேல் நடந்தது.  இப்படி ஒரு பள்ளி ஒரு தடவை ஜெயித்ததைச் சினிமா எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது என்றால், மற்ற வருஷங்களில் மற்றச் சின்னப் பள்ளிகளுக்கு என்ன நடந்தது? லாட்டரி விழுந்தவனைக் காட்டி, "பார், எல்லாரும் பணக்காரனாகலாம்" என்று சொல்கிற பேச்சு இது.

கடைசியில் இந்தியானாவும் 1997-98 பருவத்தில் நாலு வகுப்பாகப் பிரித்தது. எல்லாரும் மகிழ்ந்தார்கள் என்று நாம் பொய் சொல்ல மாட்டோம். கூட்டம் குறைந்தது. பழைய ஆட்கள் இன்றைக்கும் முணுமுணுக்கிறார்கள். ஒரே கோப்பைக்கு இருந்த சூடு நாலு கோப்பைக்கு இல்லை என்கிறார்கள். பக்கத்து மாநிலமான கென்டக்கியில் இன்றும் கூடைப்பந்துக்கு ஒரே போட்டிதான். ஆகவே இதில் இரண்டு பக்கமும் பேச இடமுண்டு.

இன்னொரு பக்கம் இலினாய் மாநிலத்தில் வேறொரு தொல்லை. அங்கே எல்லைக் கட்டுப்பாடு இல்லாமல் எங்கிருந்தும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிற தனியார் பள்ளிகள், எண்ணிக்கையில் சின்னதாக இருந்துகொண்டு சின்ன வகுப்புக் கோப்பைகளை அள்ளிக்கொண்டு போயின. ஆகவே 2005-இல் அப்படிப்பட்ட பள்ளிகளின் எண்ணிக்கையை 1.65-ஆல் பெருக்கிக் கணக்கிட வேண்டும் என்று விதி போட்டார்கள். நம் இடைநிலைப் பள்ளிகளைப் பிரிக்கும் நாள் வந்தால் இந்தப் பாடம் உதவும். ஊர் ஊராகத் தேர்ந்தெடுத்த பிள்ளைகளை விடுதியில் வைத்துப் பயிற்சி கொடுக்கிற பள்ளியும், பஸ் ஏறி வருகிற பிள்ளைகளை வைத்து ஓட்டுகிற பள்ளியும் தலைக்கணக்கில் ஒன்றாக இருந்தாலும் பலத்தில் ஒன்றல்ல.

ஜப்பான்காரர்கள் தினுசே வேறு. அவர்களுடைய உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் போட்டியில் அளவுப் பிரிவே இல்லை. ஆனால் 2001-லிருந்து வசந்த காலப் போட்டியில், ஆள் குறைவு, ஊர் தூரம் போன்ற கஷ்டங்களுக்கிடையில் முயற்சி எடுத்த பள்ளிகளுக்கென்று சில இடங்களை ஒதுக்கி அழைக்கிறார்கள். ஆள் போதாத பள்ளிகள் சேர்ந்து கூட்டுக் குழு அமைக்கவும் இடம் கொடுக்கிறார்கள்.

தமிழ்ப்பள்ளிக்குள்ளேயே பெரியது சின்னது

நம்மவர்களில் சிலர், "அதான் தமிழ்ப்பள்ளிகளுக்குன்னு தனியா போட்டி வைக்கிறாங்களே, அது போதாதா?" என்று கேட்கலாம். அப்படி நடத்துகிறவர்களுக்கு நம் நன்றி. ஆனால் மொழியைப் பார்த்துப் பிரிப்பது வேறு, அளவைப் பார்த்துப் பிரிப்பது வேறு. கிள்ளான் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளி போல ஆயிரத்துக்கு மேல் பிள்ளைகள் படித்த தமிழ்ப்பள்ளியும் நம் நாட்டில் உண்டு. பகாவ் பக்கத்துத் தோட்டத்தில் 35 பிள்ளைகளோடு இருக்கிற பள்ளியும் தமிழ்ப்பள்ளிதான். இரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்தினால் தோற்கிற பிள்ளைக்கு, தமிழ்ப் பிள்ளையிடம் தோற்றோம் என்பதில் என்ன ஆறுதல்?

அன்றியும், இது தமிழ்ப்பள்ளிகளின் பிரச்சினை மட்டுமல்ல. கம்பத்து உட்பகுதிகளில் மலாய்ப் பிள்ளைகள் படிக்கிற சின்னத் தேசியப் பள்ளிகள் உண்டு. சிறு பட்டணத்துச் சீனப் பள்ளிகளிலும் பிள்ளைகள் குறைந்துவருகிறார்கள். அந்தப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளைப் போலத்தான் பத்துக் கோல் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். 150-க்குக் குறைந்த பள்ளிகள் எல்லாம் ஒரு பிரிவு என்று வைத்தால், மூன்று இனத்துப் பிள்ளைகளும் சமமாக நின்று ஆடலாம். இனத்தின் பெயரால் கேட்டால் இழுபறியாகும். எண்ணிக்கையின் பெயரால் கேட்டால் மறுத்துப் பேசக் காரணம் கிடைக்காது.

இடைநிலைப் பள்ளியில் பஸ்ஸே போட்டியை முடித்துவிடுகிறது

ஆறாம் ஆண்டு முடிந்து நம் பிள்ளைகள் கோலா பிலா, பகாவ் பட்டணங்களில் இடைநிலைப் பள்ளிக்குப் போகிறார்கள். இப்போது பெரிய பள்ளி கிடைத்துவிட்டதே, இனிச் சரியாகிவிடுமா? ஆகவில்லை. பயிற்சி மாலையில். தோட்டத்துக்குப் போகிற பஸ் மதியத்தில். அதை விட்டால் வீடு போக வழியில்லை. அப்பா காட்டில், அம்மாவும் காட்டில், மோட்டார் சைக்கிளில் வந்து ஏற்றிப்போக ஆளில்லை. பயிற்சிக்கு நிற்காத பிள்ளை குழுவில் இல்லை. அவ்வளவுதான், முடிந்தது. நூறு நூறாகப் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் ஒரு தோட்டத்துப் பிள்ளை வரவில்லை என்று யார் தேடப் போகிறார்கள்?

இதைச் சாதாரண விளையாட்டுச் சங்கதி என்று தள்ளிவிடாதீர்கள். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கொடுக்கும்போது 90 விழுக்காடு பரீட்சைக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. பள்ளி அளவில் விளையாடினால் ஒரு புள்ளி, மாவட்டம் போனால் கூட, மாநிலம் போனால் இன்னும் கூட. பரீட்சையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற இரண்டு பிள்ளைகளில் ஒன்றை உள்ளே தள்ளி ஒன்றை வெளியே நிறுத்துவது இந்தப் பத்துதான். புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி 1996-இல் ஆரம்பித்தார்கள். அங்கே எடுபட வேண்டுமானால் முதலில் மாவட்டத் திடலில் யார் கண்ணிலாவது பட வேண்டும். ஐந்தாம் நிமிஷத்தில் நாலு கோல் வாங்கிய குழுவில் நல்ல ஆட்டக்காரன் இருந்தாலும் யார் கண்ணில் படுவான்?

கோலா பிலாவில் என்ன கேட்கலாம்?

எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. தனி ஆள் ஓட்டம், தாண்டுதல், எறிதல் இப்படியே இருக்கட்டும். அங்கே பெரிய பள்ளிப் பிள்ளையோடு மோதித்தான் நம் பிள்ளை தன் வேகத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பந்து, வலைப்பந்து, அஞ்சல் ஓட்டம் இவற்றை மாவட்ட அளவில் இரண்டு பிரிவாக நடத்தினால் போதும்: 150-க்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று. சின்னப் பிரிவில் ஜெயித்த குழு, விருப்பப்பட்டால் பெரிய பிரிவு வெற்றியாளரோடு ஓர் ஆட்டம் ஆடட்டும். மிலான்காரர்களுக்குக் கிடைத்த வாய்ப்பு நம் பிள்ளைகளுக்கும் இருக்கட்டும். சுழற்கேடயத்துக்குப் புள்ளியை மொத்தமாகக் கூட்டாமல், பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு வகுத்துப் பார்க்கலாம். சுக்கான்தாராவில், குறிப்பிட்ட தூரம் தாண்டினால் குறிப்பிட்ட புள்ளி என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் புள்ளி கொடுக்கிறார்களே, அதைப் போலத்தான். முன்பே பழக்கமான முறை.

பக்கத்துப் பக்கத்துத் தோட்டப் பள்ளிகள் இரண்டு மூன்று சேர்ந்து ஒரே குழு இறக்க அனுமதி கேட்பதும் நல்லது. ஜெம்போல் 1980-இல் தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டதால் எல்லைக்கு அந்தப்பக்கம் இந்தப்பக்கம் என்று பள்ளிகள் பிரிந்து கிடக்கின்றன. முதலில் ஒரே மாவட்டத்துக்குள் சேருவதைப் பற்றிப் பேசலாம். சேர்ந்தால் பயிற்சிக்கு வேன் வேண்டும். வேன் வாடகை எட்டுப் பிள்ளைக்கும் ஒன்றுதான், இருபது பிள்ளைக்கும் ஒன்றுதான். தலைக்கு இவ்வளவு என்று வருகிற மானியத்தில் அது கட்டாது. தோட்ட நிர்வாகத்திடம் வாரம் ஒரு நாள் வண்டி கேட்கலாம். ஆயாக் கொட்டகைக்கும் குடிதண்ணீருக்கும் நாம் கேட்காமல் எதுவும் வந்ததாக நினைவில்லை. இதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொதுக்கூட்டத்துக்கு நோட்டீஸ் வந்ததும், தீர்மானம் அனுப்பக் கொடுத்திருக்கும் கடைசித் தேதியைப் பாருங்கள். பள்ளியில் மொத்தப் பிள்ளைகள் எத்தனை, 11, 12 வயதில் பையன்கள் எத்தனை, பெண் பிள்ளைகள் எத்தனை, போன வருஷம் ஆள் போதாமல் எந்தெந்தப் போட்டிக்குப் போகவில்லை என்று தலைமையாசிரியரிடம் கேட்டு ஒரே தாளில் எழுதுங்கள். அதைத் தீர்மானத்தோடு சேர்த்து, பள்ளி வழியாக மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் மாவட்டப் பள்ளி விளையாட்டு மன்றத்துக்கும் அனுப்பச் சொல்லுங்கள். ஒரு நகலைச் சங்கக் கிளைச் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். நாலைந்து தோட்டத்திலிருந்து நகல் வந்து சேர்ந்தால், அவற்றை ஒன்றாகக் கட்டி எடுத்துக்கொண்டு அதிகாரிகளைப் பார்க்க நாம் கூட வருகிறோம். மலாயில் கடிதம் எழுத உதவி வேண்டுமானால் பிரட்டு முடிந்ததும் கிளைத் தோழர்களிடம் சொல்லுங்கள், அந்த வாரமே எழுதிக் கொடுப்பார்கள்.